சிரிப்பு கேட்ட கேள்வியும் மச்சம் சொன்ன பதிலும்

‘மிஸ்ஸியம்மா’ திரைப்படமும் சிறப்புத் திருமணச் சட்டமும்

(வித்துராவில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களும் இளைஞர்களும் பங்கேற்ற திரையிடலின் தொடக்கத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



1955 ஜனவரி 1 அன்று இந்தியாவில் ஒரு சட்டம் நடைமுறைக்கு வந்தது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954 என்பது அதன் பெயர். எந்த மதத்தைச் சேர்ந்த ஆணும் எந்த மதத்தைச் சேர்ந்த பெண்ணும், தத்தம் மதத்தைத் துறக்காமல், எந்தச் சடங்கும் இல்லாமல், அரசு அலுவலர் ஒருவர் முன்னிலையில் திருமணம் செய்துகொள்ளலாம் என்று அந்தச் சட்டம் அறிவித்தது.

அடுத்த இரண்டு வாரங்களுக்குள், பொங்கலை ஒட்டி, தமிழ்நாட்டுத் திரையரங்குகளுக்கு ஒரு நகைச்சுவைப் படம் வந்தது. வேலையில்லாத இந்து இளைஞன் ஒருவனும் வேலையில்லாத கிறித்தவப் பெண் ஒருத்தியும் கணவன் மனைவியாக நடித்து வேலை பெறுகிறார்கள்; பின்னர் உண்மையாகவே காதல் கொள்கிறார்கள். இதுதான் கதை. ‘மிஸ்ஸியம்மா’ என்ற அந்தப் படம் இன்று இங்கே திரையிடப்படுகிறது.

சட்டமும் படமும் ஏறத்தாழ ஒரே நாட்களில் மக்களிடம் வந்தன. இரண்டும் ஒரே கேள்வியைத் தொட்டன. ஆனால் சட்டம் திறந்துவிட்ட கதவின் வழியாகப் படம் நுழையவில்லை. கதவருகே வந்து வேறு பக்கம் திரும்பிவிட்டது. அது ஏன் திரும்பியது, அந்தத் திருப்பம் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஏன் கவலைக்குரியது என்பதே இந்த உரையின் பொருள்.

வித்துராவில் இதைப் பேசுவதற்குக் காரணம் உண்டு. பொன்முடிக்கு ஏறும் சாலையில், அகத்தியமலைத் தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் இது. காணி மக்களின் குடியிருப்புகளும், மலையாள விவசாயக் குடும்பங்களும், தேயிலைத் தோட்டங்களுக்குத் தலைமுறைகளுக்கு முன்பு வந்த தமிழ்க் குடும்பங்களும் இங்கே அருகருகே வாழ்கின்றன. இந்து, கிறித்தவர், இசுலாமியர் என மூன்று மதத்தவரின் பிள்ளைகளும் ஒரே பேருந்தில் ஏறி ஒரே பள்ளிக்குச் செல்கிறார்கள். யார் யாரோடு பழகுவது, யார் யாரை மணப்பது என்ற கேள்வி இத்தகைய ஊரில் ஏட்டளவில் நிற்பதில்லை. அது வீட்டு வாசலில் நிற்கும் கேள்வி.

வேலைக்காகச் சொன்ன பொய்

முதலில் கதை. மேரி ஒரு கிறித்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள், படித்தவள், இறைப்பற்று மிக்கவள், எளிதில் கோபம் கொள்பவள். அவள் தந்தை டேவிட் என்பவனிடம் கடன் வாங்கியிருக்கிறார். கடனைத் திருப்பித் தர இயலாத நிலையில், கடன் கொடுத்தவன் மேரியை மணக்க விரும்பி நெருக்கடி கொடுக்கிறான். பாலு படித்துவிட்டு வேலை தேடும் இளைஞன். ஒரு ஊரில் ஜமீன்தார் ஒருவர், தொலைந்துபோன தம் மகளின் நினைவாகப் பள்ளிக்கூடம் நடத்துகிறார். அந்தப் பள்ளிக்குப் படித்த கணவனும் மனைவியும் ஆசிரியர்களாகத் தேவை என்று விளம்பரம் வருகிறது. தனி ஆளுக்கு அங்கே இடமில்லை. ஆகவே இருவரும் தம்பதி என்று பொய் சொல்லி வேலையில் சேர்கிறார்கள்.

விஜயா புரொடக்‌ஷன்ஸ் சார்பில் நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தயாரித்த படம் இது. எல். வி. பிரசாத் இயக்கினார். தெலுங்கிலும் தமிழிலும் இரு மொழிப் படமாக எடுக்கப்பட்டது. தெலுங்கில் என். டி. ராமா ராவ் ஏற்ற வேடத்தைத் தமிழில் ஜெமினி கணேசன் ஏற்றார். சாவித்திரி இரு மொழிகளிலும் மேரியாக நடித்தார். ஜமீன்தாராக எஸ். வி. ரங்கா ராவும், துப்பறியும் ஆசை கொண்ட உறவுக்கார இளைஞனாகத் தங்கவேலுவும், ஜமீன்தாரின் இளைய மகளாக ஜமுனாவும் நடித்தனர். எஸ். ராஜேஸ்வர ராவின் இசையும், தஞ்சை ராமையா தாஸின் பாடல் வரிகளும், ஏ. எம். ராஜா, பி. லீலா ஆகியோரின் குரல்களும் படத்தை இன்றளவும் உயிரோடு வைத்திருக்கின்றன. 1957-ல் இதே கதை ‘மிஸ் மேரி’ என்ற பெயரில் இந்தியிலும் வந்தது.

கதையின் வேர் சென்னையில் இல்லை, வங்காளத்தில் இருக்கிறது. ரவீந்திரநாத் மைத்ராவின் ‘மன்மயி கேர்ள்ஸ் ஸ்கூல்’ என்ற நகைச்சுவை நாடகமே இதற்கு மூலம். அது 1935-ல் வங்காளத்தில் படமாகவும் வெளிவந்தது. அந்தக் காலத்தை நினைவில் கொள்ள வேண்டும். முதலாளித்துவ உலகின் பெரும் பொருளாதார நெருக்கடி 1929-ல் வெடித்து, குடியேற்ற நாடுகளின் மீது அதன் சுமை இறங்கிய ஆண்டுகள் அவை. கல்லூரிப் பட்டம் பெற்ற இளைஞர்கள் கல்கத்தாத் தெருக்களில் வேலை தேடி அலைந்தார்கள். அந்த அலைச்சலிலிருந்துதான் இந்த நகைச்சுவை பிறந்தது. இருபது ஆண்டுகள் கழித்து, நாடு விடுதலை பெற்ற பிறகு, தெலுங்கிலும் தமிழிலும் அதே கதை மக்களைச் சிரிக்க வைத்தது. வேலையில்லாத் திண்டாட்டம் வெள்ளையரோடு கப்பலேறிப் போய்விடவில்லை என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

படத்தின் முற்பகுதி முழுவதும் நேர்மையானது. மேரியும் பாலுவும் காதலுக்காகப் பொய் சொல்லவில்லை, வேலைக்காகச் சொல்கிறார்கள். மேரியின் பார்வையில் அது ஒரு தற்காலிக ஏற்பாடு மட்டுமே. கழுத்தை நெரிக்கும் கடனிலிருந்து விடுபட அவளுக்கு ஊதியம் வேண்டும். கடன் கொடுத்தவனைக் கணவனாக ஏற்பதா, முன்பின் அறியாத ஒருவனைக் கணவன் என்று ஊரிடம் சொல்லிக்கொள்வதா என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் நிலைக்கு அவளைத் தள்ளியது எது? சொத்து உடையவனிடம் சொத்து இல்லாதவள் கொண்டிருக்கும் உறவுதான் அவளைத் தள்ளியது. ‘சுயவிருப்பம்’ என்று முதலாளித்துவ சமூகம் பெருமை பேசும் திருமணத்தின் அடியில் பொருளாதாரக் கட்டாயம் படுத்திருக்கிறது என்று 1884-ல் ‘குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்’ என்ற நூலில் எங்கெல்ஸ் விளக்கினார். படத்தை எடுத்தவர்கள் அந்த நூலைப் படித்தார்களா என்பது இங்கே பொருட்டல்ல. வாழ்க்கையை உண்மையாகப் பார்க்கும் நகைச்சுவை, அறிந்தோ அறியாமலோ, அந்த இடத்துக்கு வந்து சேர்கிறது.

வேலையோடு வீடும், வீட்டோடு நடத்தைச் சான்றும் பிணைக்கப்பட்டிருப்பதையும் படம் காட்டுகிறது. ஜமீன்தார் வேலை தருகிறார். தங்க இடம் தருகிறார். அதனால் அவர்களுடைய குடும்ப வாழ்க்கையைப் பார்வையிடும் உரிமையும் தமக்கு வந்துவிட்டதாக நினைக்கிறார். அன்போடுதான் நினைக்கிறார் என்பது வேறு செய்தி. லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்கத் தேவையில்லை. வேலை போனால் வீடும் போகும் என்ற நிலையில் வாழ்பவருக்கு, வேலை கொடுப்பவரின் விருப்பு வெறுப்புகள் எல்லாம் சட்டமாகிவிடும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-ல் வீட்டு வசதியை நிர்வாகத்தின் கடமையாக்கியது. ஆயினும் வீட்டைத் தொழிலாளரின் உடைமையாக அது ஆக்கவில்லை.

மச்சம் சொன்ன பதில்

இவ்வளவு நேர்மையாகத் தொடங்கிய படம் எங்கே சறுக்குகிறது?

பொய்த் தம்பதியர் நாளடைவில் நெருங்குகிறார்கள். பாலு ஜமீன்தாரின் இளைய மகளுக்கு இசை கற்பிக்கும்போது மேரிக்குப் பொறாமை வருகிறது. தன் கோபத்துக்கு அடியில் காதல் இருப்பதை அவள் உணர்கிறாள். இந்த இடத்தில் கதை எழுப்பும் கேள்வி எளிமையானது: ஒரு கிறித்தவப் பெண்ணும் ஓர் இந்து ஆணும் கணவன் மனைவியாக வாழ முடியுமா? பல நாட்கள் அவர்கள் அப்படி நடித்தபோது ஊர் ஐயப்படவில்லை. ஒரே கூரையின் கீழ் சண்டையிட்டும் சமாதானமாகியும் அவர்கள் வாழ்வதைப் பார்வையாளர் இரண்டு மணி நேரம் கண்டுவிட்டார். ஆகவே பதில் பார்வையாளரின் மனத்தில் ஏற்கனவே உருவாகிவிட்டது. முடியும் என்பதே அந்தப் பதில்.

ஆனால் படம் அந்தப் பதிலைச் சொல்லவில்லை. துப்பறியும் இளைஞன் மேரியின் காலில் உள்ள மச்சத்தைக் கண்டுபிடிக்கிறான். ஆண்டுகள் பலவற்றுக்கு முன் யாத்திரையின்போது தொலைந்துபோன ஜமீன்தாரின் மூத்த மகள் மகாலட்சுமிதான் மேரி என்பது வெளியாகிறது. அவளைக் கண்டெடுத்து வளர்த்தவர்கள்தான் கிறித்தவர்கள். அவள் பிறப்பால் இந்து. இனித் தடையேதும் இல்லை. திருமணம் இனிதே நிறைவேறுகிறது.

இந்த ஒரு திருப்பத்தால் என்னென்ன நிகழ்ந்துவிடுகின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். மதம் கடந்த காதல் என்று பார்வையாளர் நம்பிய ஒன்று, ஒரே மதத்துக்குள் நிகழ்ந்த காதலாக மாறிவிடுகிறது. ஏழை வேலைக்காரி என்று நம்பப்பட்டவள் எசமானரின் வாரிசாகிவிடுகிறாள். கடன் பிரச்சினை தானாகவே மறைகிறது. ஜமீனின் சொத்து குடும்பத்தை விட்டு வெளியேறவில்லை. கேள்விக்குப் பதில் கிடைக்கவில்லை, கேள்வியே காணாமற்போய்விட்டது. அன்பு வென்றது என்று பார்வையாளர் மகிழ்ச்சியோடு எழுந்து செல்கிறார். உண்மையில் வென்றவை இரத்த உறவும் சொத்தும்.

இங்கே படத்துக்கு நியாயம் செய்யவும் வேண்டும். மேரியின் இறைநம்பிக்கையைப் படம் எங்கும் கேலி செய்யவில்லை. அவளை வளர்த்த கிறித்தவப் பெற்றோர் கண்ணியமானவர்களாகவே வருகிறார்கள். மேரி மாதாவை நோக்கி அவள் பாடும் பாடல் அதே பரிவோடு படமாக்கப்பட்டிருக்கிறது. பிற மதத்தவரை இழிவாகச் சித்தரிக்கும் படங்கள் அரசு வரிச்சலுகையோடு ஓடும் காலத்தில், 1955-ன் இந்தப் பண்பைக் குறைத்து மதிப்பிடுவது தவறாகும். படைப்பாளிகளின் மனத்தில் வெறுப்பு இல்லை. ஆனால் வெறுப்பின்மை மட்டும் போதாது என்பதையே படத்தின் முடிவு காட்டுகிறது. மதங்கள் ஒன்றையொன்று மதிக்கலாம். ஆனால் மணம் செய்துகொள்ளக் கூடாது என்ற எல்லைக்கோட்டில் அந்த நல்லெண்ணம் நின்றுவிட்டது.

அந்தக் கோட்டைத் தாண்டப் படத்துக்கு ஏன் துணிவில்லை? ஒரே நேரத்தில் இரு மொழிகளில் பெரும் முதலீட்டோடு எடுக்கப்பட்ட படம் இது. எல்லா வகைப் பார்வையாளரும் முகம் சுளிக்காமல் வந்து போனால்தான் போட்ட பணம் திரும்பும். சந்தை துணிவைத் தண்டிக்கும் என்ற அச்சம் கதையின் முடிவை எழுதியது. இன்னொன்றும் கவனத்துக்குரியது. சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே நிறைவேறிவிட்டது. வரலாறு அந்த வர்க்கத்தை மேடையிலிருந்து இறக்கிக்கொண்டிருந்த ஆண்டுகளில், திரை அதற்குக் கல்வி வள்ளல் என்ற அன்பான முகத்தை அளித்தது. ரங்கா ராவ் எவ்வளவு பெரிய நடிகரோ அவ்வளவுக்கு அந்த முகம் நம்பத்தக்கதாக இருக்கிறது.

சட்டம் திறந்த கதவு

இனிச் சட்டத்துக்கு வருவோம். 1872-ல் ஆங்கிலேய அரசு இயற்றிய சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி பதிவு செய்துகொள்ள விரும்பியவர்கள், இன்னின்ன மதங்களில் எதையும் தாங்கள் பின்பற்றவில்லை என்று உறுதிமொழி தரவேண்டியிருந்தது. காதலுக்கு விலையாக நம்பிக்கையைக் கைவிட வேண்டும். 1923-ல் வந்த திருத்தம் இந்து, பௌத்த, சீக்கிய, சமண சமயத்தவருக்கு மட்டும் இதைத் தளர்த்தியது. 1954-ன் சட்டம்தான் அந்தத் தடையை முழுவதும் நீக்கியது. மேரி மேரியாகவே இருக்கலாம். பாலு பாலுவாகவே இருக்கலாம். மூன்று சாட்சிகளோடு பதிவு அலுவலகத்துக்குச் சென்றால் போதும். மச்சம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்ட ஏற்பு 1967-ல் இயற்றப்பட்ட திருத்தத்தின் வழியே வந்தது. அது ஒரு பெரிய முன்னேற்றம். ஆனால் மணமக்கள் இருவரும் இந்துக்களாக இருந்தால்தான் அது பொருந்தும். மேரிக்கும் பாலுவுக்கும் அது உதவாது. மதம் கடந்து, அவரவர் நம்பிக்கையை விடாமல், சடங்கின்றி மணப்பதற்கு நாடு முழுவதற்குமான பொது வழி இன்றளவும் 1954-ன் சட்டமே.

அந்தச் சட்டத்துக்குள்ளும் பழமையின் நிழல் படிந்திருக்கிறது. மணம் செய்ய விரும்புவோர் முப்பது நாட்களுக்கு முன் அறிவிப்புத் தர வேண்டும். அந்த அறிவிப்பு அலுவலகத்தில் எல்லோரும் பார்க்கும்படி ஒட்டப்படும். எவரும் மறுப்புத் தெரிவிக்கலாம். கோயிலிலோ தேவாலயத்திலோ மணக்கும் இணைகளை அரசு இப்படி முப்பது நாள் காத்திருக்கச் சொல்வதில்லை. சொத்து பற்றிய அச்சமும் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது: இந்துக் கூட்டுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவர் பிற மதத்தவரை இச்சட்டப்படி மணந்தால், அவர் கூட்டுக் குடும்பத்திலிருந்து பிரிந்தவராகக் கருதப்படுவார் என்கிறது 19-வது பிரிவு. படத்தின் முடிவில் ஜமீன்தாரின் சொத்தைக் காப்பாற்றிய மச்சமும், சட்டத்தின் 19-வது பிரிவும் ஒரே அச்சத்தின் இரு வடிவங்கள்.

அருகில் ஒரு படம், தொலைவில் ஒரு படம்

‘மிஸ்ஸியம்மா’ தயங்கிய இடத்தில் அதே காலத்துப் பிற படைப்புகள் என்ன செய்தன என்று பார்ப்பது பயனுள்ளது. இரண்டு போதும்: ஒன்று கேரளத்தில் எடுக்கப்பட்டது, மற்றது சோவியத் ஜார்ஜியாவில் எடுக்கப்பட்டது.

சிறப்புத் திருமணச் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தது 1954 அக்டோபர் 9-ல். அதே மாதம் 22-ல் ‘நீலக்குயில்’ வெளிவந்தது. உறூபின் கதையைப் பி. பாஸ்கரனும் ராமு காரியாட்டும் இயக்கினார்கள். நீலி என்ற தலித் பெண்ணைக் காதலிக்கும் உயர்சாதிப் பள்ளி ஆசிரியர், அவள் கருவுற்றதும் ஊருக்கு அஞ்சிக் கைவிடுகிறார். நீலி குழந்தையைப் பெற்றுவிட்டு இறக்கிறாள். ஊரின் பழிச்சொல்லைப் பொருட்படுத்தாத அஞ்சல்காரர் ஒருவர் அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார். அவர் வேடத்தில் நடித்தவர் பி. பாஸ்கரனே. இங்கும் ஆசிரியர் உண்டு, காதல் உண்டு, தடை உண்டு. ஆனால் நீலியின் காலில் எந்த மச்சமும் இல்லை. அவள் உயர்சாதியில் பிறந்து தொலைந்துபோன பெண் என்று இறுதியில் யாரும் கண்டுபிடிக்கவில்லை. அவள் தலித்தாகவே வாழ்ந்து தலித்தாகவே இறக்கிறாள். குற்றம் சமூகத்தின் மீது நிற்கிறது. பொதுவுடைமை இயக்கமும் அதன் கலைக்குழுக்களும் கேரளத்தில் உருவாக்கிய பார்வையாளர் கூட்டம் இல்லாமல் அத்தகைய முடிவு சாத்தியமாகியிருக்காது. மூன்று ஆண்டுகள் கழித்து இந்த மாநிலத்தில் கம்யூனிஸ்ட் அமைச்சரவை அமைந்ததற்கும், அந்தப் படம் வரவேற்கப்பட்டதற்கும் பொதுவான மண் ஒன்று உண்டு.

‘நீலக்குயில்’ துயரப் படம். நகைச்சுவையால் இது இயலாது என்று சிலர் சொல்லக்கூடும். அதற்குப் பதிலாக ஜார்ஜியப் படமான ‘கேத்தோவும் கோத்தேவும்’ இருக்கிறது. 1948-ல் திபிலிசியில் வக்தாங் தாப்லியாஷ்விலியும் ஷால்வா கெதெவனிஷ்விலியும் இயக்கிய இசை நகைச்சுவை அது. 19-ஆம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘கானுமா’ என்ற மேடை நாடகமும், அதைத் தழுவி விக்தர் தோலித்ஸே அமைத்த இசை நாடகமும் அதன் மூலங்கள். சொத்தையெல்லாம் தொலைத்துவிட்ட ஒரு பிரபுவுக்குப் பணம் வேண்டும். பணம் சேர்த்துவிட்ட ஒரு வணிகருக்குப் பட்டம் வேண்டும். ஆகவே வணிகரின் மகளைப் பிரபுவுக்கு முடிக்கப் பேரம் நடக்கிறது. மகளோ பிரபுவின் மருமகனைக் காதலிக்கிறாள். இரண்டு கல்யாணத் தரகர்கள் போட்டி போடுகிறார்கள். அவர்களில் ஒருத்தியான கானுமா, தானே மணப்பெண்ணாக வேடமிட்டுப் பிரபுவைத் திகைக்க வைத்துப் பேரத்தைக் குலைக்கிறாள்.

இரு படங்களிலும் பொய் வேடம் உண்டு. இரண்டிலும் காதலர் சேர்கிறார்கள். வேறுபாடு சிரிப்பு யாரை நோக்குகிறது என்பதில் இருக்கிறது. ஜார்ஜியப் படத்தில் பார்வையாளர் சிரிப்பது பேரத்தைப் பார்த்து. பட்டமும் பணமும் ஒன்றையொன்று மணக்கத் துடிக்கும் வேடிக்கையைப் பார்த்து. இறுதியில் தோற்பது பேரம். ‘மிஸ்ஸியம்மா’விலோ பார்வையாளர் சிரிப்பது பேரத்தில் சிக்கிய இரு இளைஞர்களின் தடுமாற்றத்தைப் பார்த்து, இறுதியில் பேரத்துக்குரிய உலகம் அப்படியே நீடிக்கிறது. இதில் ஒரு நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஜார்ஜியப் படம் எடுக்கப்பட்டபோது அந்த நாட்டில் பிரபுக்களும் இல்லை, வணிக முதலாளிகளும் இல்லை. மத நிறுவனங்களின் பிடியிலிருந்து திருமணத்தை விடுவித்துச் சிவில் பதிவாக மாற்றும் ஆணையை 1917 டிசம்பரிலேயே சோவியத் அரசு பிறப்பித்துவிட்டது. புதைக்கப்பட்ட ஒன்றைப் பார்த்துச் சிரிப்பது எளிது. உயிரோடு எதிரில் நிற்கும் ஒன்றைப் பார்த்துச் சிரிப்பது கடினம். ‘மிஸ்ஸியம்மா’வுக்கு வாய்த்தது அந்தக் கடினமான பணி.

மச்சம் தேடும் அரசு

எழுபது ஆண்டுகளுக்குப் பின் நிலைமை என்ன? படம் தயங்கி நின்றது. இன்றைய ஆட்சியாளர்கள் பின்னோக்கி இழுக்கிறார்கள். 2020-ல் உத்தரப் பிரதேச அரசு மதமாற்றத் தடை அவசரச் சட்டத்தைக் கொண்டுவந்தது; 2021-ல் அது சட்டமானது; 2024-ல் ஆயுள் தண்டனைவரை விதிக்கும்படி அது கடுமையாக்கப்பட்டது. மத்தியப் பிரதேசமும் குஜராத்தும் 2021-ல் இதே வழியில் சென்றன. ‘லவ் ஜிகாத்’ என்ற கட்டுக்கதை காவல்துறையின் வழக்குப் பதிவேடு வரை வந்துவிட்டது. வயது வந்த பெண் தன் துணையைத் தானே தேர்ந்தெடுத்தாள் என்பதை அரசு நம்ப மறுக்கிறது. அவள் ஏமாற்றப்பட்டாள், கடத்தப்பட்டாள், தொலைந்துபோன மகள் அவள், வீட்டுக்குத் திருப்பி அழைத்துவர வேண்டும் என்கிறது. ‘மிஸ்ஸியம்மா’வில் சிரிப்புக்காக வந்த துப்பறிவாளன் இன்று சீருடை அணிந்து வருகிறான்.

கேரளமும் இதற்கு முழு விலக்கல்ல. வைக்கத்தைச் சேர்ந்த வயது வந்த மாணவி ஒருவர் மதம் மாறிச் செய்துகொண்ட திருமணத்தை 2017-ல் உயர் நீதிமன்றம் செல்லாதென அறிவித்தது. 2018 மார்ச் 8 அன்று, அனைத்துலக மகளிர் நாளில், உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கி, துணையைத் தேர்ந்தெடுப்பது அந்தப் பெண்ணின் உரிமை என்று உறுதி செய்தது. இடைப்பட்ட மாதங்களில் ஒரு பெண் தன் வாழ்வின் மீது தனக்கு உரிமை உண்டு என்பதை நீதிமன்றங்களில் மெய்ப்பிக்க வேண்டியிருந்தது.

சிறப்புத் திருமணச் சட்டத்தின் முப்பது நாள் அறிவிப்பும் ஆயுதமாகிவிட்டது. இணையதளத்தில் வெளியான அறிவிப்புகளிலிருந்து பெயர், படம், முகவரி ஆகியவற்றை எடுத்து மதவெறிக் குழுக்கள் பரப்பின. இதைத் தொடர்ந்து 2020-ல் கேரளப் பதிவுத்துறை அந்த அறிவிப்புகளை இணையத்தில் வெளியிடுவதை நிறுத்தியது. அது சரியான முடிவு. ஆயினும் அலுவலகச் சுவரில் ஒட்டும் விதி சட்டத்தில் நீடிக்கிறது; அதை நீக்கும் அதிகாரம் நாடாளுமன்றத்திடம் இருக்கிறது.

தமிழ்நாட்டின் நிலையும் ஆறுதல் தருவதாக இல்லை. 2016-ல் உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையத்தருகே, பட்டப்பகலில், சாதி கடந்து மணந்த தலித் இளைஞர் வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் துறையில் பணியாற்றிய தலித் இளைஞர் ஒருவர் கொல்லப்பட்டார். சாதி கடந்த காதலே காரணம் என்பது வழக்கு. சீர்திருத்த இயக்கத்தின் வரலாறு பெருமையோடு பேசப்படும் மண்ணில் இவை நடக்கின்றன. கொல்லப்பட்டவர்களும் படித்தவர்கள், பாலுவைப் போல வாழ்க்கையைத் தொடங்கத் துடித்தவர்கள். அவர்களுக்குக் கதை எழுதியவர் யாரும் மச்சம் வைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

இங்கிருந்து மூன்று கடமைகள் எழுகின்றன.

முதலாவது, சட்டம் பற்றியது. முப்பது நாள் பொது அறிவிப்பும் மூன்றாம் நபர் மறுப்பும் நீக்கப்பட வேண்டும். சாதி ஆணவக் கொலைகளுக்கு எதிராகத் தனிச் சட்டம் வேண்டும். ஏற்கனவே உள்ள சட்டத்தைப் பயன்படுத்த வரும் இணையரை அலுவலகப் படிகளில் அலையவிடாத நிர்வாகமும் வேண்டும்.

இரண்டாவது, பொருளாதாரம் பற்றியது. மேரியின் கடனையும் பாலுவின் வேலையின்மையையும் மறந்துவிட்டு அவர்களுடைய காதலைப் பற்றி மட்டும் பேசுவது, படம் செய்த பிழையையே திரும்பச் செய்வதாகும். தனக்கென ஊதியமும், பறிக்கப்படாத ஒரு வீடும் உள்ள பெண்ணே வேண்டாத திருமணத்தை வேண்டாம் என்று சொல்ல முடியும். ஆகவே தோட்டத்தில் உரிய கூலிக்காகவும், குடியிருக்கும் வீட்டின் உரிமைக்காகவும் நடக்கும் போராட்டம் காதல் உரிமைக்கான போராட்டமும் ஆகும். இரண்டையும் வேறு வேறு மேடைகளில் பேசும் பழக்கம் கைவிடப்பட வேண்டும்.

மூன்றாவது, இயக்கத்தோழர்களின் சொந்த வீடுகளைப் பற்றியது. மேடையில் மதச்சார்பின்மை பேசி, மகளின் திருமணத்துக்குச் சாதகத்தோடும் சாதியோடும் தரகரைத் தேடுவது நடக்காத ஒன்றல்ல. கானுமாவின் தொழில் ஜார்ஜியாவில் மேடை வேடிக்கையாகிவிட்டது. இங்கே அது இணையதளங்களில் சாதிவாரியாகப் பட்டியலிடப்பட்டு நடக்கிறது. மகனோ மகளோ ஒரு மேரியை அல்லது ஒரு பாலுவை வீட்டுக்கு அழைத்து வரும் நாளில், பெற்றோர் எந்தக் கேள்வியை முதலில் கேட்கிறார்கள் என்பதில் அவர்களுடைய அரசியல் வெளிப்படும். அந்தப் பிள்ளைகளின் பக்கம் நிற்க ஒரு கிளைச் செயலாளரும், ஒரு தொழிற்சங்கத் தோழரும், ஒரு மாதர் சங்கத் தோழரும் சாட்சிக் கையெழுத்திட முன்வந்தால் சட்டம் கேட்கும் மூன்று சாட்சிகள் கிடைத்துவிடுவார்கள்.

இன்னும் சில நிமிடங்களில் படம் தொடங்கும். சிரிக்க வேண்டிய இடங்களில் மனம்விட்டுச் சிரிக்கலாம். சாவித்திரியின் கோபமும் தங்கவேலுவின் துப்பறிதலும் சிரிப்பதற்காகவே இருக்கின்றன. இறுதிக் காட்சியில் மச்சம் வெளிப்படும்போது மட்டும், அருகில் அமர்ந்திருக்கும் இளைஞர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்க்கலாம்: மேரி மேரியாகவே இருந்திருந்தால், இந்தக் கல்யாணம் நடந்திருக்கக் கூடாதா? அவர்கள் சொல்லும் பதிலிலிருந்து கிளைக் கூட்டத்தின் அடுத்த விவாதம் தொடங்கட்டும்.